ஐவரி நிறச் சேலை

கொழும்பிலிருந்து வரும் கலியாண உடுப்புச் சஞ்சிகைக்கு ஆசிரியை ஒருத்தி இருக்கிறாள். நான் அவளை நேரில் கண்டதில்லை. கண்டால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். மணப்பெண்ணின் கூறை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் சுற்றி நிற்கும் பெண்கள் வெளிர் நிறம் உடுக்க வேண்டும் என்று எழுதினாள். அவ்வளவுதான். சாவகச்சேரிப் புடவைக் கடைகளில் அரக்கும் கடும்பச்சையும் கை எட்டாத மேல்தட்டுக்குப் போய்விட்டன. எனக்குச் சட்டை தைப்பவள்கூட, "அக்கா, உந்தக் கலர் இப்ப ஆரும் உடுக்கிறேல்லை" என்றாள். அரசாங்கம் சட்டம் போட்டால்கூட எங்கள் சனம் இப்படிக் கேட்டிராது.

என் கணவர் யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். செத்துவிட்டார் என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே நான் பொட்டை அழிக்கவில்லை; வெளிர் நிறத்தில் ஒரு சேலைகூட வாங்கவில்லை. வெள்ளை உடுத்தால் நானே அவரைச் சாகக் கொடுத்ததாகிவிடும் என்று பயம். அவருடைய அப்பாவும் என்னோடுதான் இருக்கிறார். மாமாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. முகமோ பொட்டோ தெரியாது, நிறம் மட்டும் தெரியும். காலையில் தேத்தண்ணி கொண்டுபோனால் முதலில் என் சேலையைப் பார்ப்பார். பிறகுதான் கோப்பைக்குக் கை நீட்டுவார்.

மகளுக்குக் கலியாணம் பொருந்தியது. எனக்கான சேலையை அவளே எடுத்து வந்தாள்.

"அம்மா, உது வெள்ளையில்லை, ஐவரி. மாப்பிள்ளையின்ரை அம்மாவும் உதைத்தான் உடுக்கிறா."

"எனக்கு வேண்டாம், பிள்ளை."

"எல்லாருக்கும் நடுவிலை நீங்கள் மட்டும் அரக்குச் சேலையோடை நிக்கப் போறியளோ?" என்றவளின் கண் கலங்கியது. தகப்பன் இல்லாமல் மணவறை ஏறப் போகிறவள். அவளோடு மல்லுக்கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கலியாணத்தன்று பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டு, அந்தச் சேலையில் அறையை விட்டு வெளியே வந்தேன். மாமா வேட்டி சால்வையோடு கதிரையில் தயாராக இருந்தார். என்னைப் பார்த்தவர் எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

"செய்தி வந்திட்டுதோ, பிள்ளை?"

"ஐயோ, இல்லை மாமா! இது சும்மா ஃபாஷன். இப்ப எல்லாரும் உடுக்கினம்."

அவர் காதில் ஏறவில்லை. சால்வையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "என்ரை ராசா" என்று குழறி அழத் தொடங்கினார். நான் அவர் காலடியில் இருந்துகொண்டு, ஒரு செய்தியும் வரவில்லை, ஒன்றுமே வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கும் அழுகை வந்தது. இத்தனை வருடமாக உண்மையாகவே ஒன்றும் வரவில்லை.