துர்காதேவி போட்ட ஒரே கூடை

பிள்ளையார்பாளையத்துத் துர்காதேவி உயரமில்லாதவள். கூடைப்பந்து ஆடியவள் என்று சொன்னால், கேட்பவர்கள் அவளை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்ப்பார்கள். "பாத்து முடிக்க ரொம்ப நேரம் ஆவாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பேருந்தில் அவள் ஏறினால் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்ள வேண்டியதுதான், அவ்வளவு பேச்சு. இங்கே சொல்லப்படுவது அவள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படித்தபோது நடந்தது.

பள்ளி அணியில் அவளுக்கு ஐந்தாம் எண். அவள் வேலை பந்தைக் கொண்டுபோய் அபிநயாவிடம் சேர்ப்பது. பதினோராம் எண்ணுக்குரிய அபிநயா அணித் தலைவி, செவிலிமேட்டுக்கு அப்பால் பயிர்வைக்கும் குடும்பத்துப் பெண், பள்ளியிலேயே உயரமானவள். துர்கா கொடுப்பாள், அபிநயா போடுவாள். ஆட்டத்தாளில் கூடை போட்டவருக்கு எதிரே புள்ளி ஏறும். எடுத்துக் கொடுத்தவருக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. இதைக் குறையென்று துர்கா ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்களும் சொல்லவில்லை.

அவள் பந்து எறிவதில் ஒரு விசித்திரம் இருந்தது. அபிநயா எங்கே நிற்கிறாள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை. முகம் ஒரு பக்கம் இருக்கும், பந்து மறுபக்கம் போகும், அங்கே சரியாக அபிநயாவின் கைகள் இருக்கும்.

"எப்படிடி பாக்காமலே எறியற?" என்று உடற்கல்வி ஆசிரியை சத்யப்ரியா பலமுறை கேட்டிருக்கிறார்.

"தெரில மிஸ். கை தானா போயிடுது."

"கைக்குத் தனியா ஒரு மூளை இருக்குது போல. பரீட்சைக்கும் அதையே அனுப்பு."

துர்காவின் அப்பா கைலாசம் பட்டு நெசவாளர். அவர் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு நெய்பவர், ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிவார். கரைக்கான நாடாவைத் தறியின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் எறிய வேண்டும். வழக்கமாக அந்த இடம் அம்மா தில்லையம்மாளுடையது. காலையில் அம்மா சமையலில் இருக்கும்போது, பள்ளிக்குக் கிளம்பும்வரை துர்கா உட்காருவாள். தறியின் அடியில் இருக்கும் மிதியை அப்பா காலால் அழுத்தும் ஓசை கேட்டதும் நாடாவை விட வேண்டும். நிமிர்ந்து பார்த்து எறியலாம் என்றால் அதற்குள் தாமதமாகிவிடும். அவள் பாடப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டே எறிவாள்.

அந்த ஆண்டு மாவட்டப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டித் தொடரில் அபிநயா குவித்த புள்ளிகள் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தன. ஒரே தொடரில் ஒரு மாணவி எடுத்த அதிகப் புள்ளிகள் நூற்றிருபத்தாறு என்பது நெடுநாள் அசையாமல் இருந்த சாதனை. அரசுப் பள்ளி மாணவி எவரும் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை. இறுதி ஆட்டத்துக்கு முன் அபிநயாவிடம் நூற்றேழு இருந்தது. இன்னும் இருபது எடுத்தால் சாதனை அவளுடையது. இதை அபிநயாவைவிட அதிகமாக விரும்பியவள் துர்கா. "நம்ம ரெக்கார்டு" என்றுதான் சொல்வாள். "நம்ம எங்கேர்ந்து வந்திச்சி? போடறவ நானு" என்பாள் அபிநயா. "எறியலன்னா எத்தப் போடுவ? உன் தலையையா?" என்பாள் துர்கா.

இறுதி ஆட்டம் அமாவாசையன்று அமைந்தது. அமாவாசையில் தறி ஓடாது. ஆகவே கைலாசமும் தில்லையம்மாளும் மட்டுமல்ல, பாதித் தெருவே ஆட்டம் பார்க்க வந்து படிகளில் உட்கார்ந்துவிட்டது. தறி விடுமுறையில் வீட்டோடு இருந்தால் ஏதாவது வேலை சொல்வார்கள் என்பதும் ஒரு காரணம்.

ஆட்டம் தொடங்கியது முதல் எல்லாமே தவறாகப் போயிற்று. துர்கா எறிந்த பந்துகள் அபிநயா இல்லாத இடத்துக்குப் போயின. ஒன்று நேராக நடுவரின் வயிற்றில் பட்டது. எதிரணியினர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். பாதி ஆட்டம் முடிந்தபோது அபிநயாவின் கணக்கில் நான்கு புள்ளிகளே இருந்தன. அணி பத்துப் புள்ளி பின்தங்கியிருந்தது.

"கண்ண எங்க வச்சிட்டு வந்த?" என்று சத்யப்ரியா இடைவேளையில் பொரிந்து தள்ளினார். துர்கா தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அபிநயா, ஷூவுக்குள் புகுந்த கல்லை உதறுவதற்காகக் காலைத் தரையில் ஓங்கி மிதித்தாள்.

துர்காவின் கையிலிருந்த பாட்டில் பறந்து போய் சத்யப்ரியாவின் மடியில் விழுந்தது.

அபிநயா சந்தேகத்தோடு மறுபடி ஒருமுறை காலைத் தட்டினாள். துர்காவின் வெறுங்கை வெடுக்கென்று நீண்டது.

"இன்னாடி இது? சாவி குடுத்த பொம்மையாட்டம்?" என்றாள் அபிநயா.

"ஐயோ," என்றாள் துர்கா, தன் கையையே பார்த்துக்கொண்டு. "மிதிச் சத்தம்டி. எங்க வீட்டு மிதிச் சத்தம். நீ கூடைக்கு ஓடறதுக்கு முன்னாடி கால ஒருவாட்டி தட்டுவ இல்ல? அதக் கேட்டுத்தான் இத்தினி நாளா எறிஞ்சிக்கினு இருந்திருக்கறேன்."

"எதிர் டீமு பொண்ணுங்க அத அரையிறுதியிலயே பாத்திருக்காளுங்க," என்றாள் அபிநயா. "அதான் ஆளாளுக்குக் கால் தட்டறாளுங்க. நான் என்னமோ டான்ஸ் கிளாஸ்ல சேந்துட்டாளுங்கன்னு நெனச்சேன்."

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் சிறு வயதிலிருந்து கைக்குள் போய் உட்கார்ந்த பழக்கத்தை ஓர் இடைவேளையில் இறக்கி வைக்க முடியாது. துர்கா சற்று யோசித்தாள். பிறகு எழுந்து படிகளை நோக்கி ஓடினாள்.

"அப்பா, கத்துங்கப்பா."

"எதுக்குமா?" என்றார் கைலாசம்.

"எதுக்குன்னு கேக்காதீங்க. ஆட்டம் முடியற வரைக்கும் எல்லாரும் நிறுத்தாம கத்தணும். என் காதுல ஒண்ணுமே உழக்கூடாது."

"அதுக்கு எதுக்கு இத்தினி பேரு? உங்கம்மா ஒருத்தி போதுமே."

"கேக்குது, கேக்குது," என்றார் தில்லையம்மாள். சொல்லிக்கொண்டே தூக்குச்சட்டியின் மூடியைக் கழற்றிப் படியில் தட்டத் தொடங்கினார்.

அதன் பிறகு எழுந்த இரைச்சலை அந்த ஆடுகளம் அதற்கு முன் கேட்டிருக்காது. எதிரணிப் பெண்கள் கால் வலிக்கத் தட்டினார்கள்; தட்டியது அவர்களுக்கே கேட்கவில்லை. துர்கா முதன்முறையாகக் கண்ணால் பார்த்துப் பந்து எறிந்தாள். பழைய வேகம் இல்லை. ஆனால் பந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. அபிநயா ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசி நிமிடம் பிறந்தபோது அவள் கணக்கு நூற்றிருபத்தைந்து. இன்னும் ஒரு கூடை விழுந்தால் சாதனை. அணியோ ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து துர்காவின் கையில்.

எதிரணியில் இருவர் அபிநயாவை விட்டு நகரவில்லை. துர்காவை மறிக்க ஒருவரும் வரவில்லை. அவள் கூடைக்கு எறிய மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தத் தொடர் முழுவதும் அவள் ஒரு கூடையும் போட்டிருக்கவில்லை. அபிநயாவுக்குக் கொடுக்க ஓர் இடைவெளி தேடினாள். இல்லை. அபிநயா ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. பிறகு தலையை வேகமாக ஆட்டிவிட்டு, கையை நீட்டிக் கூடையைக் காட்டினாள்.

துர்கா எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் சுற்றி, நின்று, யோசித்து, உள்ளே விழுந்தது.

விசில் ஊதியதா என்று யாரும் கவனிக்கவில்லை. தெரு முழுவதும் படியிலிருந்து ஆடுகளத்துக்குள் இறங்கிவிட்டது. புள்ளி எழுதும் மேசைக்கு முன்னால் வேட்டிகளும் புடவைகளும் சுவர்போல நின்றன. கூட்டம் விலகியதும் ஒலிபெருக்கி அறிவித்தது: ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி, அத்துடன் அணித் தலைவி அபிநயா நூற்றிருபத்தேழு புள்ளிகளுடன் புதிய மாவட்டச் சாதனை.

நடந்தது எளிமையானது. கடைசிக் கூடையை யார் போட்டது என்று மேசையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. ஆட்டம் முழுவதும் எழுதிக்கொண்டிருந்த பதினொன்றையே இம்முறையும் எழுதிவிட்டார்.

துர்காவுக்கு அது உடனே புரிந்தது. தன் புள்ளி போயிற்றே என்று அவளுக்கு ஒரு துளியும் தோன்றவில்லை. சாதனை வந்துவிட்டது. அவள் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். தோழிகளின் தோளிலிருந்து இறங்கி அபிநயா அவளிடம் வந்தாள்.

"கடைசிக் கூடை யார்து?"

"உன்துதான்."

"நான் பந்தத் தொட்டேனா?"

"தொட்ட மாதிரிதான். நீ கை காட்டுன, நான் போட்டேன். வாய மூடிக்கினு நில்லு."

"உன் ஆயுசுல ஒரே ஒரு கூடை போட்டிருக்கற. அதையும் நானே எழுதிக்கினு போவட்டுமா? நான் இன்னா பேயா?"

"எனக்கு வேணாம்டி அது! எங்கிட்ட இருந்து அது இன்னா பண்ணப் போவுது?"

அபிநயா நின்று கேட்கவில்லை. துர்கா அவள் பனியனைப் பிடித்து இழுத்தாள். உயரமானவள் அவளையும் இழுத்துக்கொண்டே நடந்தாள். இருவரும் அந்தக் கோலத்திலேயே மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"சார், அந்தக் கடைசிக் கூடை என்னுது இல்ல. அஞ்சாம் நம்பர் போட்டது."

புள்ளி எழுதுபவர் நிமிர்ந்து பார்த்தார். "உன் டீமுதானம்மா ஜெயிச்சிருக்குது?"

"ஆமா சார்."

"ரெக்கார்டும் உன்துதான?"

"அதான் தப்புன்றேன்."

"அறிவிச்சாச்சும்மா. மாத்தணும்னா தலைவி ஆட்சேபம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். ஜெயிச்சவங்க யாரும் இதுவரைக்கும் எழுதினதில்ல."

"பேனா குடுங்க சார்."

ஓடி வந்த சத்யப்ரியாவுக்கு விஷயம் சொல்லப்பட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஹெச்.எம்.முக்குப் போன் பண்ணிட்டேன்டி! அவங்க சுவீட்டுக்கு ஆள் அனுப்பிட்டாங்கடி!" என்றார். என்றாலும் தடுக்கவில்லை. அபிநயா எழுதி முடித்ததும், சொற்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத் தாமும் கையெழுத்திட்டார். நடுவரை அழைத்துக் கேட்டார்கள். பந்தால் வயிற்றில் அடித்த பெண்ணை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. கடைசிக் கூடையும் அவளுடையதே என்றார்.

ஒலிபெருக்கி மறுபடி அறிவித்தது. துர்காதேவி, இரண்டு புள்ளிகள். அபிநயா, நூற்றிருபத்தைந்து. பழைய சாதனை நீடிக்கிறது. தோற்ற அணியின் பெண்கள்கூடக் கை தட்டினார்கள். துர்கா மட்டும் அழுதாள். வெற்றிக் கோப்பையோடு எடுத்த புகைப்படத்தில் மூக்கு வீங்கி நிற்பவள் அவள்தான்.

பேருந்து நிறுத்தம்வரை கைலாசம் எவ்வளவோ சமாதானம் சொன்னார்.

"ஒரு புள்ளிடி," என்று கடைசியில் துர்கா வெடித்தாள். "ஒரே ஒரு புள்ளி வந்திருந்தா பழைய ரெக்கார்டத் தொட்டிருப்ப. மொதல் பாதியில நான் ஒழுங்கா எறிஞ்சிருந்தா இன்னும் பத்து வந்திருக்கும்."

"ஆமா, எறிஞ்சிருக்கலாம்."

"ஆமான்றா பாரு!"

"பின்ன இல்லன்னு பொய் சொல்லட்டுமா? அடுத்த வருஷம் எறி."

"ரெண்டு பேரும் சண்டை போடறதா இருந்தா ஜாடையில போடுங்க," என்றார் தில்லையம்மாள், தொண்டை கட்டிய குரலில். "எனக்குக் காது அடச்சிக்கினு இருக்குது."

மறுநாள் முதல் பயிற்சியில் அபிநயா கால் தட்டுவதை நிறுத்திக்கொண்டாள். துர்கா நிமிர்ந்து பார்த்து எறியக் கற்றாள். சில மாதங்கள் அது பழைய எறிதலைவிட மோசமாக இருந்தது, பிறகு சமமாயிற்று, பிறகு மேலாயிற்று. தறியில் உட்காரும்போது மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

அடுத்த ஆண்டுத் தொடரில், இறுதி ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அரையிறுதியிலேயே துர்கா இரண்டு பேருக்கு நடுவில் பார்த்து நுழைத்த ஒரு பந்தை அபிநயா எட்டிப் பிடித்துக் கூடையில் இட்டாள். நூற்றிருபத்தெட்டு. ஆடுகளமே எழுந்து கத்தியது. அபிநயா இரு கைகளையும் விரித்துக்கொண்டு துர்காவை நோக்கி ஓடி வந்தாள். துர்கா அவளைத் தாண்டி நேராக மேசைக்கு ஓடினாள். கழுத்தை நீட்டி, எந்த எண்ணுக்கு எதிரே எழுதுகிறார்கள் என்று பார்த்தாள். எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள்.