அவருக்காக நான் ஏறிய படிகள்

போன ஆவணியில்தான் முதலில் கவனித்தேன். தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பால் பூத்துக்கு ஐந்து நிமிட நடை. பாதி வழியில் என் கணவர் இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு நிமிடம் நின்றதும் வலி போய்விட்டது. மறுபடி நடந்தார். அதே தூரத்தில் மறுபடி அதே வலி.

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மத்திய அரசு அலுவலகத்தில் நாற்காலி வேலை. மூன்று வருடமாகச் சர்க்கரை உண்டு. அலுவலக வாசலில் சிகரெட் பிடிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது நாலு வயது.

என் பெரியப்பாவுக்குச் சர்க்கரையில் காலை எடுத்தார்கள். கால் என்ற சொல்லைக் கேட்டாலே அவர் படுத்துக் கிடந்த கட்டில்தான் எனக்கு நினைவுக்கு வரும். டாக்டரிடம் போகலாம் என்றேன். "வாயுப் பிடிப்புதான் காயத்ரி, தைலம் தேய்ச்சா போயிடும்" என்றார். உள்ளுக்குள் எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயம். படித்தவள் நான். ஆனாலும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டினேன்.

அவரை நடக்கவிடவில்லை. பால், காய்கறி, நிலாவின் பள்ளி எல்லாம் நான் பார்த்துக்கொண்டேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மாதச் சாமான் வாங்குவது எப்போதும் அவர் வேலை. அதையும் எடுத்துக்கொண்டேன். அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டேன். பக்கத்துவீட்டில் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐப்பசி நடுவில், அவருக்கு இருபது அடிக்கே வலி வர ஆரம்பித்தது. அன்று எங்கள் பக்கத்துக் குன்றின்மேல் இருக்கும் மலை மந்திர் முருகனிடம் நேர்ந்துகொண்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அவருக்காக நான் படியேறுகிறேன், அவர் காலில் வலி வராமல் பார்த்துக்கொள் என்றேன். அவர் சிரித்தார். "நீ ஏறினா என் காலுக்கு எப்படி வரும்? பார்சலாவா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நீங்க கீழே உக்காந்து கும்பிட்டா போதும்."

அப்படியே செய்தோம். தினமும் காலையில் அவரையும் நிலாவையும் கீழே விட்டுவிட்டு நான் ஏறுவேன். முதல் வாரம் மூச்சு வாங்கியது. மூன்றாம் வாரம் நிற்காமல் ஏறினேன். அவரோ ஸ்கூட்டரில் உட்கார்ந்தே இருந்தார். இந்த வித்தியாசம் அப்போது என் கண்ணில் படவே இல்லை.

முப்பத்தோராம் நாள் தரிசனம் முடித்து இறங்கி வரும்போது கீழே கூச்சல். நிலா அவர் கையை உதறிவிட்டுச் சாலைப் பக்கம் ஓடியிருக்கிறாள். அவர் பின்னால் ஓடினார். பத்தடியில் கால் பிடித்துக்கொண்டது. ஒரு கார் பிரேக் போட்ட சத்தம் எனக்கு மேலேயே கேட்டது. பூ விற்கும் அம்மா ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து நிலாவைத் தூக்கியிருந்தாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து தில்லியில் பிழைப்பவள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏக்கா, ஒரு மாசமா பாக்கறேன். கால் நோவு உனக்கா, அவருக்கா?"

"அவருக்குத்தான்."

"அப்பறம் நீ ஏறிகினே இருக்கற, அவரு குந்திகினே இருக்கறாரு. ஆசுபத்திரிக்கு இட்டுகினு போவியா, அத்த விட்டுட்டு."

என் கணவர் ஓரமாக, காலைப் பிடித்தபடி, தலை குனிந்து நின்றார். "என் பிள்ளையைக்கூட என்னால பிடிக்க முடியலை" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். கையில் பார்ப்பது போலவே கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஸ்கேன். காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. காலில் இருந்தால் இதயத்திலும் மூளைக்குப் போகும் குழாயிலும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இதயத்தையும் சோதித்தார். நடையை அது தாங்கும் என்று தெரிந்த பிறகு, அவர் நடப்பதையே விட்டுவிட்டதைச் சொன்னோம். ஹிந்தியில் கேட்டார்: "இவரை உட்கார வைத்தது யார்?"

பள்ளிப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினேன். "மைனே", நான்தான் என்றேன்.

அவர் திட்டவில்லை. மாத்திரை எழுதினார். சிகரெட்டை இன்றோடு விடச் சொன்னார். பிறகு, "வலி வரும்வரை நடங்கள். வலி அதிகமானால் நில்லுங்கள். போனதும் மறுபடி நடங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம்" என்றார். அப்படியும் சரியாகாவிட்டால் அடைப்பை எடுக்க வேண்டிவரும். கவனிக்காமல் விட்டால் புண் வந்து காலையே இழக்கலாம். நடக்காமல் இருக்கும்போது கால் வலித்தாலோ, பாதத்தில் புண் வந்தாலோ உடனே ஓடி வரச் சொன்னார்.

வலி வேண்டாம் என்று நான் வேண்டிக்கொண்டேன். மருந்தே அந்த வலி வழியாகத்தான் வரும் என்கிறார்கள். வீடு வரும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இன்னும் பதினேழு நாள் பாக்கி. நேர்ந்ததை நடுவில் மாற்றினால் குற்றமாகுமோ என்று பயந்தேன். அவரிடமே கேட்டேன். "உன் பங்கை நீ ஏறு. என் பங்கை நான் ஏறறேன். முருகனுக்கு ஆட்சேபணை இருந்தா ஃபைல்ல எழுதி அனுப்பட்டும்" என்றார்.

முதல் நாள் சில படிகளிலேயே அவர் முகம் மாறிவிட்டது. ஜனங்கள் பார்த்தார்கள். "வாங்க, இறங்கிடலாம்" என்று கையைப் பிடித்தேன். "இரு காயத்ரி. ஒரு நிமிஷம்." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வலி விட்டது. ஏறினார். மறுபடி நின்றார். நிலா இதை விளையாட்டாக்கிவிட்டாள். அவர் நின்றால் "லால் பத்தி", சிவப்பு விளக்கு; கிளம்பினால் "ஹரி பத்தி", பச்சை விளக்கு. பின்னால் வந்த ஒரு பெரியவர்கூடச் சிக்னலுக்காக நின்று சிரித்துவிட்டுப் போனார். அன்று மூவரும் சேர்ந்து சன்னிதியில் நின்றோம். எனக்கு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

மண்டலம் முடிந்தும் நடை நிற்கவில்லை. காற்று மோசமான நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடந்தார். சிகரெட்டை விடுவதுதான் நடையைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு முறை தவறினார். என்னிடம் மறைக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

பங்குனியில் மறுபடி பரிசோதனை. முன்பு இருபது அடியில் நின்றவர் அரை மணி நேரம் நடந்து காட்டினார். இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை என்றார் டாக்டரம்மா. அடைப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் நடக்க நடக்க, கிடைக்கிற ரத்தத்தை வைத்து வேலை செய்யக் கால் பழகிக்கொள்கிறது என்று விளக்கினார்.

"மருத்துவம்தானே செஞ்சது, முருகன் எங்கே வந்தான்?" என்று என் தம்பி கேட்டான். மூன்று மாதம் நான் போகப் பயந்த இடத்துக்கு என்னைப் பிடித்துத் தள்ளியது யார்? பிள்ளையைத் தூக்கிய கை யாருடையது? அந்தப் பூக்கார அம்மா வாய் திறந்து பேசியதை நான் வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

இதைப் படிக்கும் அடியார்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது நடக்கும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றால், பாசத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முருகனிடமும் சொல்லுங்கள். அவன் பதில் நாம் கேட்ட மாதிரியே இருக்க வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

என் பயம் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் இப்போது அவர் செருப்பை மாட்டினால் நான் தடுப்பதில்லை. நானும் மாட்டிக்கொண்டு கூடக் கிளம்பிவிடுகிறேன்.