மாமாவின் கல்லறையில் விட்டுவைத்த இடம்

மாமாவின் கல்லறையில் மாமி சுண்ணாம்பு பூசாமல் விட்டுவைத்திருக்கும் அந்த உள்ளங்கையளவு இடம் எனக்கு இனிப் பயன்படாது என்று அவரிடம் சொல்வதா, விடுவதா? ஒரு வருடமாக யோசிக்கிறேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். அவள் வாயைத் துடைத்து முடிப்பதற்குள் வேண்டாம் என்று தோன்றிவிடும்.

நான் இலைக்கன்களைப் பற்றிப் படித்தவள். மரப்பட்டையிலும் கல்லிலும் சாம்பலாகவும் மஞ்சளாகவும் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்குமே, அதுதான். பூஞ்சணமும் அல்கா என்கிற பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்கிற உயிர். எங்கள் ஊர்ப்பக்கத்தில் அதற்குச் சொறி என்றுதான் பெயர். பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு மலைநாட்டுக்குப் போனபோது, பனிமூட்டத்துக்குள் ஒவ்வொரு கிளையிலும் அது தாடி போலத் தொங்குவதைப் பார்த்தேன். வேறு எதைப் படிப்பது என்ற குழப்பம் அன்றோடு தீர்ந்தது. என் வாழ்க்கையில் குழப்பமில்லாமல் நான் எடுத்த முடிவு அது ஒன்றுதான்.

பிறகு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. வங்காலையிலிருந்து மன்னார்த் தீவுக்குள் கலியாணம் கட்டி வந்தேன். மேற்படிப்புக்குப் பதிந்திருந்தேன், ஆனால் இந்த உப்புக் காற்றிலும் வெயிலிலும் என்ன இலைக்கன் வளரப்போகிறது என்று பேராசிரியரே தயங்கினார். கலியாணமான முதல் மாதம் கணவரின் அப்பாவான மாமாவுக்கு மெழுகுதிரி கொளுத்தச் சேமக்காலைக்குப் போனோம். அவருடைய கல்லறையின் பக்கச் சுவரில் செம்மஞ்சள் நிறத்தில் கிட்டத்தட்ட வட்டமாக ஒன்று ஒட்டியிருந்தது. நான் செபத்தை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லறை என்பது இந்தப் படிப்புக்கு நல்ல இடம். கட்டிய வருடம் அதிலேயே எழுதியிருக்கும். ஆகவே இலைக்கன் எவ்வளவு காலத்தில் எவ்வளவு பரந்தது என்று கணக்கிடலாம். கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தாளை மேலே வைத்து அதன் ஓரத்தை மெல்லிய பேனையால் வரைவேன். அடுத்த வருடம் அதே தாளை வைத்துப் பார்த்தால் ஓரம் ஒரு நூல் அளவு தள்ளிப் போயிருக்கும். அந்த நூலளவுதான் என் ஆய்வு.

கஷ்டம் என்னவென்றால், எங்கள் கோயில் பங்கில் கார்த்திகை மாதம், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன்னர் எல்லோரும் தங்கள் கல்லறைகளைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு பூசுவார்கள். இலைக்கன் தங்கியிருப்பது உரித்தாளிகள் வெளிநாட்டுக்கோ இந்தியாவுக்கோ போய்விட்ட கல்லறைகளில் மட்டுந்தான். மாமாவினுடையது தப்பியிருந்ததற்குக் காரணம் மாமியின் முழங்கால் வலி. என் கணவருக்குக் கொழும்பில் வேலை. சில வருடங்கள் சிலுவைக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தைக் கழுவ வேண்டாம் என்று மாமியிடம் நான் கேட்டது வந்த புதிதில். இப்போதென்றால் கேட்டிருக்க மாட்டேன். படிப்புக்கு என்றால் இருக்கட்டும் என்று அவர் ஒத்துக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு திருநாளுக்கும் வெள்ளைவெளேரென்ற வரிசையில் எங்கள் கல்லறை மட்டும் சொறியோடு நின்றது. கவனிக்க ஆளில்லாத கல்லறை போல.

மாமியின் மச்சாள் ஒருவர் அடுத்த வளவில் இருக்கிறார். பகிடியாகப் பேசுவார், ஆனால் குத்தும். "மருமகளுக்குப் பயந்து என்ரை அண்ணனைச் சொறி பிடிக்க விட்டிருக்கிறா" என்று பூசை முடிந்து வருகிற வழியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மாமி சிரித்துக்கொண்டே, "அவருக்கு உயிரோடை இருக்கேக்கையும் குளிக்கப் பஞ்சிதானே மச்சாள்" என்றார். மாமாவின் சோம்பலை நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமாவின் படத்தைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் முழங்காலுக்கு எண்ணெய் பூசினார்.

பிள்ளை பிறந்த பின் எல்லாமே கூடிவிட்டது. அவளுடைய முழங்கை மடிப்பில் சொறி போட்டபோது, சேமக்காலையைத் தொட்டுவிட்டு வந்து பிள்ளையைத் தூக்குகிறாள் என்று பேச்சு வந்தது. அது இலைக்கனால் வராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். நான் பள்ளிக்கூடம் போகும்போது பிள்ளையைப் பார்ப்பது மாமி. சேமக்காலைக்குப் போகும்போதும் மாமி. அவர் முகம் கொஞ்சம் வாடினாலும் எனக்கு வேலை ஓடாது.

போன வருடம் பூசை முடிவில் ஓர் அறிவித்தல் வந்தது. இளைஞர்கள் சிரமதானமாக, ஆளில்லாத கல்லறைகளையும் சேர்த்து எல்லாவற்றையும் கழுவிப் பூசப்போகிறார்களாம். நல்ல காரியம். மற்றவர்களின் இறந்தவர்களை அழுக்காக விடுங்கள் என்று நான் எந்த வாயால் கேட்பது? நான் அளந்துகொண்டிருந்த மற்ற எல்லா இடமும் ஒரே காலையில் போகப்போகிறது என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேன். மாமாவினுடையது மட்டும் மிஞ்சினால் போதும், இன்னும் ஒரு அளவு எடுத்தால் எழுதி முடித்துவிடலாம் என்று பேராசிரியர் தொலைபேசியில் சொன்னார். அதை மாமியிடம் சொன்னேன்.

சிரமதானத்தன்று பிள்ளைக்குக் காய்ச்சல். எங்கள் கல்லறையை வேறு யாரும் தொடாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மாமி தனியே போனார். மத்தியானம் விரலெல்லாம் சுண்ணாம்போடு வந்து கதிரையில் இருந்தார்.

"பெடியளைக் கிட்ட விடேல்லைப் பிள்ளை. உன்ரை சொறியை விட்டிட்டு மிச்சமெல்லாம் நானே பூசிட்டன். ஓரம் கோணல்மாணலா இருந்தது, அதையும் வடிவா வட்டமாக்கி விட்டனான். இனி ஒருத்தரும் கதைக்கேலாது."

இலைக்கன் வளர்வது ஓரத்தில் மட்டுந்தான். நடுப்பகுதி பழையது, அதில் அளக்க ஒன்றுமில்லை. காய்ச்சல் குறைந்த பின் போய்ப் பார்த்தேன். வெள்ளைச் சுவரில் பொட்டு வைத்தது போலச் செம்மஞ்சள் வட்டம், கோப்பையைக் கவிழ்த்து வரைந்தது போல அவ்வளவு ஒழுங்கு. அந்த முழங்காலோடு குந்தியிருந்து பூசியிருக்கிறார். என் தாளை வைத்துப் பார்த்தேன். நான் வரைந்த கோடு முழுவதும் சுண்ணாம்புக்குள் இருந்தது. ஓரத்தைச் சொல்லி வைக்காதது என் பிழையா என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். ஆனால் சுண்ணாம்பு பூசுகிற ஒருவரிடம் ஓரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"சரியா விட்டிருக்கிறனா?" என்று மாமி கேட்டார்.

"ஓம் மாமி, சரியா இருக்கு" என்றேன்.

பேராசிரியரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். வேறு இடம் பார்த்து முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். தொடங்கவில்லை. களைப்பாக இருக்கிறது.

இப்போது மாமி ஞாயிறு பூசைக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், "இஞ்சை பார், அம்மான்ரை படிப்பு" என்று அந்த வட்டத்தைக் காட்டுகிறார். மச்சாள் இன்னும் விடவில்லை, மாமாவுக்குப் பொட்டு வைத்திருப்பதாகச் சொல்கிறார். மாமி, மருமகள் டொக்டர் பட்டம் வாங்குவதற்கு அது வேண்டும் என்று பதில் சொல்கிறார். உரக்கவே சொல்கிறார்.

இந்த வருடத் திருநாள் நெருங்குகிறது. சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டார். சொன்னால், கணவருடைய கல்லறையை முழுதாக வெள்ளையாக்கி நிம்மதியாக நிற்பார். ஆனால் தன் கையாலேயே அது கெட்டது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், ஒன்றுக்கும் உதவாத ஒரு வட்டத்துக்காக இன்னொரு வருடமும் குந்தியிருந்து பூசுவார், பேச்சும் கேட்பார்.

மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்தவர்கள் இதை வாசித்தால், ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் என்றால் சொல்வீர்களா? சொல்வதென்றால் எந்தச் சொல்லில் தொடங்குவீர்கள்?