லிட்டில் இத்தாலியில் ஒரு மதியச் சாப்பாடு

எண்பதுகளில் அகதிகளாகக் கனடாவின் மொன்றியலுக்கு வந்த புதிதில், இத்தாலியர்கள் குடியிருக்கும் லிட்டில் இத்தாலிப் பகுதியில் எங்கே சாப்பிடுவதென்று தெரியாமல் நானும் தம்பியும் அலைந்தோம். கடைசியில் ஒரு சின்ன உணவகத்துக்குள் நுழைந்தோம்.

பாஸ்தா வந்த நேரம் பார்த்து இரண்டு பொலிஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் சீருடைக்காரர்களிடம் அடிபட்டிருந்த தம்பி எழும்பிவிட்டான்.

“அக்கா, வாங்கோ போவம்.”

“இருடா, அவையள் சாப்பிடத்தானே வந்திருக்கினம்” என்றேன். ஆனாலும் நானும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

கடைக்கார அம்மா எங்களைக் கவனித்தார். ஒன்றும் கேட்காமல் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எங்களைச் சமையலறைக்குள் கூட்டிப்போனார். அங்கேயும் தம்பி உட்காரவில்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நகரவில்லை.

அந்தப் பாஸ்தாவின் ருசி எனக்கு நினைவில்லை. ஆனாலும், நல்ல சாப்பாட்டுக்கடை எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.