விடைபெறுவதை வீட்டிலேயே முடி

வஹீபாவிடம் ஒரு வசவாவது வாங்காமல் எகிப்தின் சோஹாக் விமான நிலையத்தில் யாரும் விமானம் ஏறியதாகப் பேச்சே கிடையாது. கார்கள் நிற்கும் இடத்துக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் ஒரு கிழிந்த தார்ப்பாய், அதன் கீழே எரிவாயு அடுப்பு, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதுதான் அவள் கடை. டீ சுமார்தான். ஆனாலும் முதல் தடவையாகக் குவைத்துக்குக் கிளம்புகிற பையனை, "போய் வஹீபாகிட்ட திட்டு வாங்கிட்டு அப்புறம் உள்ள போ" என்று பெற்ற தாயே அனுப்பி வைப்பாள்.

"பாஸ்போர்ட்டை எங்க வெச்ச? பெட்டியிலயா? அடப்பாவி, பெட்டி உள்ள போனப்புறம் அதிகாரிகிட்ட உன் மூஞ்சியையா காட்டுவ? எடுத்து நெஞ்சுப் பையில போடு!"

"பெட்டியைக் கோதுமைக் கடைத் தராசுல நிறுத்துப் பாத்தியா? பாத்த சரி, அதுக்கப்புறம் உங்கம்மா நாலு ரொட்டியை உள்ள திணிச்சாளே, அதை யாரு நிறுத்தா? எடை ஏறிட்டா நடுக் கூடத்துல உக்காந்து, ஊரே பாக்க உன் உள்ளாடையை உதறிக்கிட்டு இருப்ப."

"பாலாடைக்கட்டி ஜாடியைக் கையில தூக்கிட்டுப் போகாதே, பிடுங்கிப்பான். பையில போட்டு இறுக்கிக் கட்டி, துணிக்கு நடுவுல, பெரிய பெட்டியில வை. புறாக்கறியை நேத்தே உறைய வெச்சிருக்கணும். காலையில வறுத்து எடுத்துட்டு வந்திருக்கியே, மாப்பிள்ளை விருந்துக்கா போற?"

"குளிர்காலத்துல மூடுபனி போட்டா விமானத்தை இங்க இறக்க மாட்டான், பக்கத்து ஊர் அஸ்யூத்துக்குக் கொண்டு போயிடுவான். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போன் போட்டுக் கேளு. இங்க வந்து என்னைக் கேட்டா? விமானம் என் மடியிலயா இருக்கு?"

இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஒன்றைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆளின் கண்ணைப் பார்த்துச் சொல்வாள்: "விடைபெறுறதை வீட்டிலேயே முடிச்சுட்டு வா. வாசலுக்கு ஒரே ஒரு ஆள் போதும். கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது உள்ள கவுண்டரை மூடிடுவான். மூடினா மூடினதுதான்."

நம் ஜனங்களுக்கு அதுதானே முடியாத காரியம்! ஒருவன் ஊருக்குக் கிளம்பினால் மூன்று வேன் நிறைய ஆள் பின்னால் வரும். ஒவ்வொருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும், இந்தக் கன்னம் அந்தக் கன்னம் என்று முத்தம் வாங்க வேண்டும். ஒருத்தரை விட்டுவிட்டால் தொலைந்தது. அவர் இனி உன் வீட்டுக் கல்யாணத்துக்கும் வர மாட்டார், சாவுக்கும் வர மாட்டார்.

வஹீபாவும் அப்படித்தான் ஒருநாள் இதே வாசலில் நின்றாள். அது ஆகிவிட்டது ஒன்பது வருஷம்.

அவள் புருஷன் அபுல்வஃபா குவைத்தில் கட்டட வேலை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டான். "வஹீபாவைப் பாக்கணும்" என்று ஒரே பிடிவாதம். எப்படியோ விசா வந்தது. அவள் சோஹாக் சந்தையைத் தாண்டாதவள். அதே விமானத்தில் போகிற பங்காளி ரஷ்வானிடம்தான் பெரியவர்கள் அவளை ஒப்படைத்தார்கள். அவனும் எல்லார் எதிரிலும் நெஞ்சில் கை வைத்து, "அண்ணி என் பொறுப்பு" என்றான்.

வாசலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். ரஷ்வான் வந்து, "நீங்க நிதானமா சொல்லிட்டு வாங்க அண்ணி. நான் உள்ள போய் வரிசையில நிக்கிறேன். நேரம் ஆனதும் வந்து கூப்பிடுறேன்" என்றான். இவளும் நம்பி ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் வந்து கூப்பிடவில்லை. மனசு கேட்காமல் இவளே உள்ளே ஓடினபோது கவுண்டரில் விளக்கை அணைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஷ்வான் நடந்து போய்க்கொண்டிருந்தான். அவள் கண்ணாடியைத் தட்டினாள். அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் போனான்.

மூன்று நாள் கழித்துத்தான் அடுத்த விமானம் என்றார்கள். அதற்குள் அபுல்வஃபா போய்விட்டான். அவள் ஏற வேண்டிய அந்த அடுத்த விமானமே குவைத்திலிருந்து வரும்போது, அவனைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியது.

ரஷ்வான் ஊருக்குப் போன் போட்டு, "கூப்பிட்டேன், கூப்பிட்டேன், அவங்க காதுல விழல" என்று சொல்லிவிட்டான். குவைத்தில் கூட்டாளிகளிடம் வேறு மாதிரி சொன்னானாம்: "மூட்டையும் ஜாடியுமா ஒரு பட்டிக்காட்டுப் பொம்பளையை இழுத்துக்கிட்டு, இங்க இறங்கினதும் கூட்டிட்டுப் போக வந்த முதலாளி வண்டியில ஏற முடியுமா? விமானம் என்ன கழுதை வண்டியா, பொம்பளைக்காக நிக்கிறதுக்கு?" அந்தப் பேச்சு வாய்க்கு வாய் மாறி வஹீபாவின் காதுக்கே வந்து சேர்ந்தது. ஊர் என்னவோ அவன் போனில் சொன்னதையே நம்பி, அவளுக்கு 'விமானத்தை விட்டவள்' என்று பேர் வைத்தது. புருஷன் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவளுக்குப் பட்டப்பேர் வேறு!

அவள் துக்கம் விசாரிக்க யாரையும் விடவில்லை. நாற்காலி போடவில்லை, சர்க்கரை போடாத துக்கக் காப்பி காய்ச்சவில்லை, வந்தவர்களின் கையைத் தொடவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கணக்கு இன்னும் தீரவில்லை, தீர்ந்த பிறகுதான் துக்கம் ஏற்போம். வெட்டுக் குத்தில் செத்தவன் வீட்டில் செய்கிற காரியம் அது. ஆஸ்பத்திரியில் செத்தவனுக்கு யாரைப் பழி வாங்கப் போகிறாள் என்று ஊர் சிரித்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. விமான நிலைய வாசலில் அடுப்பை வைத்து உட்கார்ந்தாள்.

என்றைக்காவது இந்த வாசல் வழியாக வந்துதானே ஆக வேண்டும் என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்தாள், சும்மா இல்லை. ஆனால் அவன் கெட்டிக்காரன். லீவுக்கு வந்தால் கெய்ரோவில் இறங்குவான், கெய்ரோவிலேயே ஏறுவான். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவான். ஊரில் எல்லாருக்கும் அதில் மனத்தாங்கல்.

இந்த வருஷம்தான் மாட்டினான். வீட்டுக்கு மூன்றாவது மாடி எடுக்கிறேன் என்று வந்தவன், கொத்தனார் இழுத்தடித்ததில் ஆறு மாதத்தை ஒட்டிவிட்டான். குவைத்துக்கு வெளியே ஆறு மாதம் தாண்டினால் அங்கே இருப்புரிமை ரத்து. கெடு முடிகிற நாளில் கெய்ரோவிலிருந்து இடமில்லை, சோஹாக்கிலிருந்துதான் கிடைத்தது. அவன் தாயே சந்தையில் புலம்பினாள்: "இதை விட்டா என் பிள்ளை பொழப்பே போச்சு."

வஹீபா அன்றே கடையை மூடிவிட்டு ஊருக்குப் போனாள். வீடு வீடாக ஏறி இறங்கினாள். "ரஷ்வான் இந்தத் தடவை நம்ம ஊருல இருந்தே கிளம்புறான். போன தடவையெல்லாம் சொல்லாம போனான்னு வருத்தப்பட்டீங்களே, வந்து நல்லபடியா வழியனுப்புங்க. வீட்டுக்குப் போனா தூக்கமா இருப்பான், வாசலுக்கே வந்துடுங்க" என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. குலத்தில் மூத்தவர் ஹாஜ் கீலானியை மட்டும் தனியாக வேன் பிடித்து, முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்து வரச் சொல்லி வைத்தாள். அவர் துஆவுக்கு, பிரார்த்தனைக்கு, கை தூக்கினால் ஏழு தலைமுறைக்கும் கேட்டு முடிக்காமல் கையை இறக்க மாட்டார்.

அவன் கிளம்புகிற நாளன்று அவள் ஒருவரையும் திட்டவில்லை. வாசல் காவலர் வனீஸுக்கே அது வித்தியாசமாகப் பட்டது.

"என்ன வஹீபாக்கா, உடம்பு சரியில்லையா? ஒருத்தன் ஜாடியைக் கையிலயே தூக்கிட்டுப் போறான், பாத்துட்டுச் சும்மா இருக்கீங்க?"

"இன்னைக்கு என் வாய்க்கு விரதம் வனீஸ். நீ போய் வாசலைப் பாரு."

ரஷ்வான் நல்ல நேரத்திலேயே வந்தான், அதைச் சொல்லியாக வேண்டும். புது ஜல்லாபியா அங்கி, தோளில் சால்வை, தள்ளுவண்டியில் இரண்டு பெட்டி. தார்ப்பாயைத் தாண்டும்போது அவளைப் பார்த்தான். ஒரு நொடி தயங்கினான். பிறகு சாதாரணமாக, "கவுண்டர் திறந்திருக்கா அண்ணி?" என்று கேட்டான்.

"திறந்திருக்கு" என்றாள்.

அதற்குள் வேன்கள் வந்து நின்றன. "ரஷ்வான்! சித்தப்பா மகனே!" என்று ஊரே இறங்கியது. முதலில் அவனுக்கும் பெருமைதான். மூன்று மாடி கட்டினவனுக்கு இந்த மரியாதை கூட இல்லாவிட்டால் எப்படி? ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, சிரித்துப் பேசினான். பாதிக் கூட்டம் முடிந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"மாமா, நேரமாச்சு, நான் உள்ள..."

"என்னடா, என்னைக் கட்டிக்காமப் போறியா? நான் என்ன உனக்கு வேத்தாளா?"

"இல்ல மாமா, கவுண்டரை மூடிடுவான்..."

"மூடட்டுமே, தட்டினா திறக்க மாட்டானா?"

அவன் ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளும்போது ஹாஜ் கீலானி இரண்டு கையையும் மேலே தூக்கினார். எல்லாரும் தூக்கினார்கள். துஆ நடக்கும்போது முதுகைக் காட்டி நடக்கிறவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. ரஷ்வானும் கை தூக்கி நின்றான். கிழவர் அவன் பயணத்துக்குக் கேட்டார், பெட்டிக்குக் கேட்டார், முதலாளிக்குக் கேட்டார், மூன்றாவது மாடிக்குக் கேட்டார். "ஆமீன், ஆமீன்" என்று சொல்லச் சொல்ல ரஷ்வானின் கழுத்தில் வியர்வை ஓடியது. வஹீபா தார்ப்பாய்க்குக் கீழே நின்று எல்லாருக்கும் மேலாக உரக்க ஆமீன் சொன்னாள். ஒன்பது வருஷத்தில் அவள் வயிறு குளிர்ந்தது அப்போதுதான்.

துஆ முடிந்ததும் ஓடினான். வாசல் கதவுக்கு முன்னால் அவள் நின்றாள்.

"ரஷ்வான், நீ இன்னும் என்கிட்ட துக்கம் விசாரிக்கல."

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. துக்கம் ஏற்காதவள் யாரிடம் கணக்கு வைத்திருக்கிறாள் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"அண்ணி, திரும்பி வரும்போது... அல்லாஹ் மேல ஆணையா..."

"விசாரிக்க வேண்டாம், போ. ஒரே ஒரு பதில் சொல்லிட்டுப் போ. அன்னைக்கு என்னைக் கூப்பிட்டியா?"

அவன் கதவைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். நின்று பேசிச் சமாளித்திருந்தால் பேராவது மிஞ்சியிருக்கும். ஆனால் அவசரம் அவனைத் தின்றது.

"கூப்பிடல! போதுமா? கூப்பிடல! வழியை விடுங்க!"

"போதும்" என்று அவள் உடனே விலகினாள்.

தள்ளுவண்டி தடதடவென்று உள்ளே ஓடியது. ஹாஜ் கீலானி கைத்தடியைத் தரையில் ஊன்றி, "நாங்க உன்னைத்தானேம்மா பழிச்சோம்" என்றார்.

வஹீபா நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போட்டாள். காலையிலேயே அரைத்து வைத்திருந்த காப்பித்தூளைப் பாத்திரத்தில் கொட்டி அடுப்பில் ஏற்றினாள். சர்க்கரை டப்பாவை எடுத்து அடியில் தள்ளினாள்.

"வழியனுப்ப வந்தவங்க எல்லாம் உக்காருங்க. அபுல்வஃபாவோட துக்கத்தை நான் இன்னைக்கு ஏத்துக்கிறேன்."

ஒவ்வொருவராக வந்து அவளிடம் இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்தார்கள். வேனில் வந்த பெண்கள் அபுல்வஃபாவின் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தார்கள். வஹீபாவும் அழுதாள். இந்த வாசலில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து ஒரு சொட்டு விடாதவள், வாய் விட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. ரஷ்வான் வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே வந்த வனீஸ், "கவுண்டர் மூடியாச்சுக்கா" என்று மெதுவாகச் சொன்னான். நாற்காலியில் இருந்த ஒருவரும் ரஷ்வானைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. சற்று முன்னால் அவனைக் கட்டிக்கொள்ளச் சண்டை போட்ட மாமா, காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். வஹீபாவுக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. போவதற்கு வேறு இடமில்லாமல் அவன் அதில் வந்து உட்கார்ந்தான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கோப்பையை நிரப்பி நீட்டினாள்.

"அடுத்த விமானம் எப்போ அண்ணி?" என்று கேட்டான்.

"மூணு நாள் கழிச்சு."

"என் கெடு இன்னையோட முடியுது."

"தெரியும்" என்றாள் வஹீபா. "குடி, ஆறிடப் போகுது."