சட்டைப் பையில் இரண்டு குழாய்கள்

என் மேசை டிராயரில் நீல மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்று கிடக்கிறது. விரல் நீளம்தான், காலிக் குழாய். எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஜீப்பை ஓட்டிய டிரைவர் அண்ணன் ரிட்டயர் ஆனபோது கொடுத்துவிட்டுப் போனது.

எந்தெந்த நாட்டு மக்களின் மரபணுவில் ஆதிகால நியாண்டர்தால் மனிதரின் பங்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. ஆப்பிரிக்காவில் மிகக் குறைவு, கிழக்கு ஆசியாவில் ஐரோப்பாவைவிடச் சற்றுக் கூடுதல் என்று எங்கள் சுவர் வரைபடத்தில் புள்ளிகள் ஏறியிருந்தன. நான் பிறந்த புதுக்கோட்டைப் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. இலுப்பூருக்கு அப்பால் ஓர் ஊரில் மேலத்தெருவை முடித்துவிட்டுக் காலனிக்குப் போனோம்.

வாயைத் திறந்ததுமே கெடுத்தேன். கையுறையை மாட்டிக்கொண்டே, “எல்லாரும் இதுல எச்சில் துப்புங்க” என்றேன். முன்னால் நின்ற பெரியவரின் முகம் கறுத்துவிட்டது. “டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ் வச்ச ஊருங்க இது. எங்க எச்சிய நீங்க கையால வாங்குவீங்களா? போங்க அங்கிட்டு!” கூட்டம் கலைந்தது. இவர்கள் இல்லாமல் வைக்கும் புள்ளி பாதி ஊரின் புள்ளிதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, என் கையிலிருந்த குழாயைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்கத் தானே துப்பி மூடினார். “ஐயா, இது என்னோடது. ஒலகத்துக் கணக்குல நம்ம விட்டுப்போகலாமா? என்ன வருதோ, நானே வந்து சொல்றேன்.” பெரியவர் ஒரு குழாயை வாங்கித் துப்பினார். அண்ணன் அதை வெறுங்கையால் வாங்கி, தன் குழாயோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு குழாய்தான் போதவில்லை!

முடிவு வந்ததும் அண்ணன் லீவு போட்டு அந்தக் காலனிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

“மேலத்தெருவுக்கு எம்புட்டு, எங்களுக்கு எம்புட்டு?” பெரியவர் முதலில் கேட்டது அதைத்தான்.

“நூத்துல ஒண்ணு ரெண்டு பங்குங்க. ரெண்டு தெருவுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான்” என்றார் அண்ணன்.

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அம்புட்டு காலத்துக்கு முந்தியே கலந்தாச்சு. அப்பறம் எதுக்குய்யா தனி கிளாஸு?”

ஆய்வுக்கூடத்து ஆட்களின் மாதிரியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது விதி. அண்ணன் தன் குழாயைக் கழுவி வைத்துக்கொண்டார். இன்று வரைபடத்தில் அந்தப் புள்ளி இருக்கிறது, அதன் கீழே என் பெயரும் இருக்கிறது. யார் எடுத்தது என்று கேட்பவர்களுக்கு நான் டிராயரைத் திறந்து இந்தக் குழாயைக் காட்டுகிறேன். “எங்க டிரைவர் அண்ணன்.”