நீல ஒயரும் குங்குமப் பொட்டும்

வடக்குப்பட்டில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த மேட்டை வெட்டி ஷெட் போட்டவன் நான். இவனுக்கெல்லாம் எதற்குத் தொழில் என்று சொந்தக்காரர்களே சிரித்தபோது, காயலான் கடையில் கிடந்த பிரஸ் மெஷினைத் தூக்கி வந்து ஓட வைத்தவன். ட்ரான்ஸ்ஃபார்மர் வராது என்றார்கள், வரவைத்தேன். மழைக்காலத்தில் லாரி உள்ளே இறங்காது என்றார்கள், செம்மண் கொட்டி வழி போட்டேன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அடித்த பிராக்கெட் இன்றைக்கு எத்தனையோ கார்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறது. ஆனால் என் ஷெட்டுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. ஆபீஸ் ரூமில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் நீல ஒயரைப் பார்த்துவிட்டு, "இதானா சார் அந்த ஒயரு?" என்று சிரிக்கிறார்கள். அந்த ஒயரின் கதையை வெளியில் சொல்லிக்கொண்டிருப்பவர் எங்களிடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்த சிஸ்டம் மேடம். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

அது கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் கொண்டுவந்த ஒயர். தினமும் சாயங்காலம் அதைப் பிடுங்கிச் சுருட்டி, சாப்பாட்டுப் பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவேன். இந்தப் பழக்கம் கம்ப்யூட்டரோடு வந்ததில்லை. ஒரகடத்தில் பெரிய கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் நான் வெல்டிங் கான்ட்ராக்ட் எடுத்தேன். நாம் டீ குடிக்கப் போனால், நம் கரண்டில் வேறு ஒருவன் வெல்டிங் அடித்துக்கொண்டிருப்பான். அதனால் போர்டிலிருந்து பீஸ் கட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் நான் நகருவேன். ஆட்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். என் கரண்டை யாரும் தின்னவில்லை. கம்ப்யூட்டர் வந்தபோது அதற்குப் பீஸ் கட்டை எங்கே என்று பார்த்தேன். இந்த ஒயர் கண்ணில் பட்டது.

கம்ப்யூட்டரை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. நாங்கள் சப்ளை செய்யும் பெரிய கம்பெனி, இனிமேல் டிராயிங்கைப் பேப்பரில் தரமாட்டோம், எங்கள் வெப்சைட்டில் உங்களுக்கென்று கொடுத்திருக்கும் பாஸ்வேர்டைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. பொட்டியைக் கொண்டுவந்து மாட்டியவர் சிவப்பு பைக்கில் வரும் ஒரு கம்ப்யூட்டர்காரர். இந்தப் பக்கத்துச் சின்ன ஷெட்டுகள் பலவற்றுக்கும் அவர்தான். டிராயிங் திறக்கும் சாஃப்ட்வேரைச் சும்மா போட்டுத் தருவதாகச் சொன்னார். "காசு குடுத்து வாங்குறவன் ஏமாளி தலைவரே" என்றார். போடுவதற்கு முன்னால், ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் வரும் முன் நாயைக் கட்டிப்போடச் சொல்லும் ஆளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "இன்னாத்துக்கு அணைக்கணும்?" என்று கேட்டேன். "அது சும்மா குலைக்கும் தலைவரே, கண்டுக்காதீங்க" என்று சிரித்தார். அன்றைக்கே அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடம் வேலைக்கு வருவதற்கு முன்பே சந்தேகப்பட்டவன் நான்.

மேடம் பென்னலூர்க்காரர். நிலம் தொழிற்சாலைக்குப் போன குடும்பம். ஒரு காலத்தில் கத்திரிக்காய் பறித்த அதே இடத்துக்கு முன்னால், கேட்டில் செக்யூரிட்டி உடுப்போடு உட்கார்ந்திருந்தார் அவர் அப்பா. டிப்ளமா முடித்து எங்களிடம் வந்த முதல் நாளே, நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே என்னைக் கேள்வி கேட்ட பெண் அவர்.

"சார், இந்த சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இருக்கா?"

"எனக்குக் கீது, லாரிக்குக் கீது. பொட்டிக்கு இன்னாத்துக்கும்மா லைசென்ஸு? அது இன்னா ரோட்லயா ஓடுது?"

"ரோட்ல ஓடாது சார். ஆனா யார் ஓட்றாங்கன்னு நமக்குத் தெரியணும்ல?"

அன்றைக்கு அதை வாய்த்துடுக்கு என்றுதான் நினைத்தேன். வேலையில் சுத்தம். ஆனால் ஒயர் விஷயத்தில் எங்களுக்குள் தினமும் சண்டை. ஆள் இல்லாத நேரத்தில்தான் கம்ப்யூட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், நீங்கள் ஒயரை எடுத்துப் போனால் பிரவுசர் பழசாகவே கிடக்கும், பழசில் ஓட்டை இருக்கும் என்பார். "ஆளு இல்லாத நேரத்துல வூட்டுக்குள்ள வர்றவன் நல்லவனாம்மா?" என்று நான் கேட்பேன். "சார், அது வாட்ச்மேன் மாதிரி. உங்களுக்காகத்தான் வருது" என்பார். வாட்ச்மேனையும் நான் நம்பியதில்லை என்பேன். ஷெட்டே கேட்டுச் சிரிக்கும்.

இப்படி இருக்கும்போது ஒரு புரட்டாசியில் அந்தப் பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் என்னை வரச் சொன்னார். எங்களுக்கு மட்டும் கொடுத்த ஒரு புது பிராக்கெட்டின் டிராயிங், வேறொரு ஷெட்டுக்காரன் கையில் இருக்கிறது என்றார். அவன் எங்களுக்கும் முந்திக்கொண்டு அதற்கு ரேட் அனுப்பியிருக்கிறான். டிராயிங் வெளியே போனது எங்கள் பாஸ்வேர்டு வழியாகத்தான் என்று அவர்கள் வெப்சைட் காட்டுகிறதாம். ஆயுத பூஜைக்குள் யார் என்று சொல்லாவிட்டால் எங்கள் வெண்டர் கோடு நம்பரை நிறுத்திவிடுவோம் என்றார். அந்த நம்பர் போய்விட்டால் அவர்கள் கேட்டுக்குள் எங்கள் வண்டி போகாது. ஷெட்டுக்குப் பூட்டுதான்.

பாஸ்வேர்டு தெரிந்தவர் மேடம் ஒருவர்தான். எனக்கு அதை அடிக்கவே தெரியாது. போதாததற்கு, அந்த ரேட் அனுப்பிய ஷெட்டில்தான் மேடத்தின் சித்தப்பா மகன் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நான் வேறு என்ன நினைப்பேன்? நேராகக் கேட்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் எழுந்தால் பின்னாலேயே போனேன். அவர் போனில் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் கொண்டுவந்து வைத்த டீயைக்கூடத் தொடவில்லை. அவர் ஊரில் விஷயம் பரவிவிட்டது. அவர் அப்பாவைக் கேட்டில் நிற்க வைத்தே யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் மேடம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், சந்தேகம்னா மூஞ்சிக்கு நேரா கேளுங்க. முதுகுக்குப் பின்னால நின்னுகினு இருந்தா எனக்கு மவுஸே ஓடல."

"கேட்டா உண்மைய சொல்லுவியாம்மா?"

"சொன்னா நம்புவீங்களா? வேலைய விட்டுப் போயிடலாம்னுதான் கீது. இப்போ போனா திருடிட்டுப் போச்சுன்னுவீங்க. அதுக்காகவே உக்காந்துகினு இருக்கேன்."

அந்தப் பேச்சு எனக்குள் எங்கேயோ இடித்தது. திருடியவர் உட்கார்ந்திருக்க மாட்டார் என்று ஒரு மனசு சொன்னது. உட்கார்ந்திருப்பதே கெட்டிக்காரத்தனம் என்று இன்னொரு மனசு சொன்னது. வெல்டிங் காலத்தில் ராடு திருடுபவனைப் பிடிக்க, ஒரு கட்டு ராடில் பெயின்ட் தொட்டு வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருப்பேன். அதே வேலையை இங்கேயும் செய்தால் என்ன? ஆபீசரிடம் போனேன். யாரும் செய்ய முடியாத ஒரு பொய் டிராயிங்கை எங்கள் பெயரில் மட்டும் வெப்சைட்டில் போடுங்கள், நான் யாருக்கும் சொல்லமாட்டேன், யார் திறக்கிறார்கள் என்று பாருங்கள் என்றேன். "எப்படி செய்ய முடியாத மாதிரி?" என்று கேட்டார். "பிளேட்டைவிடப் பெரிய ஓட்டை போடச் சொல்லுங்க சார்" என்றேன். சிரித்துவிட்டார். செய்தும் விட்டார். படித்தவர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கும் ஆபீசில் இந்த யோசனை யாருக்கும் வரவில்லை.

எங்கள் ஷெட்டில் லீவுக்கு முந்தின நாளே பூஜை போட்டுவிடுவோம். பெரிய கம்பெனிக்கு அன்றைக்கும் வேலை நாள். பூஜைக்காக மெஷின்களை எல்லாம் துடைப்போம். அந்த வருஷம் கம்ப்யூட்டர் பக்கம் யாரையும் விடவில்லை. நானே துடைத்தேன். வருஷா வருஷம் கம்ப்யூட்டர் திரையின் வலது மேல் மூலையில் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைப்போம். மற்ற மெஷின்களுக்கும் அதே இடம்தான். சாமிக்கு வைத்த பொட்டை நடுவில் யாரும் துடைப்பதில்லை. பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு ஏறி, ரூபாய் நாணயம் கனத்துக்குக் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் கை வைத்தால் அரைகுறையாக விடமாட்டேன். மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்டை டீசலில் நனைத்துத் தேய்த்துக் கண்ணாடியைப் பளிச்சென்று ஆக்கினேன். டீசல் ஈரத்தில் சந்தனம் நிற்காது என்று, புதுப் பொட்டைத் திரைக்குக் கீழே இருக்கும் சிபியு பொட்டியில் வைத்தேன்.

கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, மேடம் பெரிய தாம்பாளத்தில் பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்து நின்றார். நான் எடுக்கவில்லை. அப்போதுதான் போன் அடித்தது.

"சார், உங்க பாஸ்வேர்டைப் போட்டு இப்போ யாரோ அந்த டிராயிங்கைத் திறந்திருக்காங்க. இந்த நிமிஷம் ஓப்பன்ல இருக்கு" என்றார் ஆபீசர்.

கம்ப்யூட்டர் அணைந்து மாலையோடு இருந்தது. ஒயர் என் பைக்குள் இருந்தது. மேடம் இரண்டு கையிலும் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் நின்றார். நான் போனைக் காதில் வைத்தபடியே அவரைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் கலங்கியது, ஆனால் குரல் அசையவில்லை.

"இப்போ எடுத்துக்குவீங்களா சார்?"

கை நிறைய அள்ளிக்கொண்டேன்.

மேடம் மேல் இருந்த சந்தேகம் போனது. ஆனால் திருடன் யார் என்று தெரியவில்லை. வாசலைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருக்க, இன்னொரு சாவி எங்கேயோ இருக்கிறது. விஜயதசமி அன்று காலையில் மேடம் கம்ப்யூட்டரைப் போட்டார். இந்த முறையும் பின்னால் நின்றேன். அவர் நாற்காலியைத் திருப்பவில்லை. பிரவுசர் திறந்தது. நான் துடைத்த மூலையில், இத்தனை நாள் பொட்டு மறைத்திருந்த இடத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு வட்டப் படம்.

"இது இன்னாம்மா, பைக்கு?"

மேடம் குனிந்து பார்த்தார். "சார், இது உங்க அக்கவுண்ட் இல்லியா?"

"எனக்கு ஏதும்மா அக்கவுண்டு? நான் உன்னுதுன்னு நெனச்சேன்."

"சிவப்பு பைக்கு சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டர்காரர் சும்மா சாஃப்ட்வேரை இறக்குவதற்காக எங்கள் பிரவுசரில் தன்னுடைய அக்கவுண்டைத் திறந்திருக்கிறார். மூடவே இல்லை. மேடம் பாஸ்வேர்டு அடிக்கும்போது, இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று பிரவுசர் கேட்கும். எல்லாரையும் போல அவரும் சரி என்று தட்டியிருக்கிறார். அது நினைவில் வைத்தது எங்களுக்காக இல்லை, அந்த ஆளின் அக்கவுண்டில். அவர் எங்கே உட்கார்ந்து தன் அக்கவுண்டைத் திறந்தாலும் எங்கள் சாவி அவர் கையில். அதை வைத்துத்தான் எங்கள் டிராயிங்கை எடுத்து அந்த ஷெட்டுக்காரனுக்குக் கொடுத்திருக்கிறார். வேண்டுமென்றே விட்டாரா, மறந்துபோய் விட்டதை அப்புறம் பிழைப்பாக்கிக்கொண்டாரா என்று மேடம் இன்னும் யோசிக்கிறார். எனக்கு யோசனையே இல்லை. நாயைக் கட்டச் சொன்னவர் அவர். லீவு முடிந்து ஆபீசர் மறுபடி போன் செய்தார். பிளேட்டைவிடப் பெரிய ஓட்டைக்கும் அந்த ஷெட்டுக்காரன் ரேட் போட்டு அனுப்பியிருந்தானாம், டெலிவரி தேதியோடு! எங்கள் கோடு தப்பித்தது. சிவப்பு பைக் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

மேடம் அந்த அக்கவுண்டை வெளியே தள்ளினார். பாஸ்வேர்டுகளை மாற்றினார். போனுக்கு நம்பர் வந்தால்தான் உள்ளே போக முடியும் என்று செய்தார். சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் வாங்கும்வரை என்னை விடவில்லை. வாங்கினேன். அவரைச் சந்தேகப்பட்டதற்காக எனக்கு வருத்தமில்லை. சும்மா விட்டிருந்தால் கோடும் போயிருக்கும், அவர் மேல் பழியும் நின்றிருக்கும். அடுத்த வெண்டர் மீட்டிங்கில் ஆபீசர் அவரை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார். அவர் அப்பாவைக் கூட்டிப் போய் முன் வரிசையில் உட்கார வைத்தவன் நான்தான். கொஞ்ச நாளில் மேடத்துக்கு மறைமலை நகரில் பெரிய வேலை கிடைத்தது.

இப்போது என்னை மாதிரிச் சின்ன ஷெட்டுக்காரர்களை உட்கார வைத்து, கம்ப்யூட்டரை எப்படிக் காப்பாற்றுவது என்று அவர் வகுப்பு எடுக்கிறார். போன வாரம் போன் செய்தார்.

"சார், அந்த நீல ஒயரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கிளாஸ்ல காட்டணும்."

"கதையில நான் யாரும்மா?"

"ஒயரைப் புடுங்கிகினு போற ஓனர் சார். அங்கதான் எல்லாரும் சிரிப்பாங்க."

"பொட்டைத் தொடச்சது யாரு? பைக்கு யாருதுன்னு கேட்டது யாரு?"

"பொட்டை வெச்சதும் நீங்கதான சார்" என்று சிரித்தார்.

இன்றைக்கு என் ஷெட்டில் நெட் ஒயரே இல்லாமல் காற்றில் வருகிறது. பிடுங்கிப் பைக்குள் போட ஒன்றும் இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது திரையின் மூலையில் இருக்கும் வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன், அதில் எங்கள் ஷெட்டின் படம்தான் இருக்கிறதா என்று. மேடம் கேட்ட போட்டோவை அனுப்பிவிட்டேன். ஆணியில் ஒயர் தொங்குகிறது. அதன் பக்கத்தில் காட்டன் வேஸ்டைப் பிடித்தபடி என் கையும் இருக்கிறது. அந்தக் கையை வெட்டிவிட்டு ஒயரை மட்டும் காட்டக் கூடாது. படத்துக்குக் கீழே, கண்டுபிடித்தது இரண்டு பேர் என்று எழுத வேண்டும். அவர் பெயரை முதலில் போடட்டும், பரவாயில்லை. இரண்டாவதாக என் பெயர் வந்தாக வேண்டும்.